இருபத்தாறாம் தேதி என்ன செய்தது?

(நாக்பூரில் நடந்த நமது மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. அங்கத்தினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் சற்றே திருத்தி எழுதித் தந்திருக்கிறேன்.)



"சரித்திரத்தில் ஒரே தேதியில் நடந்த சம்பவங்கள்" என்று செயலாளர் எனக்குத் தலைப்பு கொடுத்தார். இப்படிப்பட்ட தலைப்பில் பேசுவது சுலபம். ஒரு பட்டியல் தயார் செய்துகொண்டு வந்து வாசித்துவிட்டு, காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஆனால் சென்ற மாதம் நடந்த ஒரு விஷயம் என்னை அப்படிச் செய்யவிடவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வாத்தியார் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த முஹூர்த்தம். திதி, நட்சத்திரம், லக்னம், எல்லாம் சுத்தம். சத்திரத்துக்கு முன்பணம், சமையல்காரருக்கு முன்பணம், எல்லாம் கொடுத்தாயிற்று. அப்போது பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கையில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்து சேர்ந்தது. முஹூர்த்த நாள் இங்கிலீஷ் தேதிப்படி 26. செய்தி என்ன சொல்லிற்று? 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பம். 2003 டிசம்பர் 26 ஈரானில் பாம் நகரப் பூகம்பம். 2004 டிசம்பர் 26 சுனாமி. 2005 ஜூலை 26 மும்பை வெள்ளம். 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டு வெடிப்பு. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல். கடைசியில், "இரண்டும் ஆறும் எட்டு. எட்டு சனியின் எண். ஜாக்கிரதை!" கல்யாணம் இரண்டு மாதம் தள்ளிப் போயிற்று. முன்பணத்தில் பாதி போயிற்று. பெண்ணின் தகப்பனார் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆகவே பட்டியல் வாசிப்பதற்குப் பதில், இந்த ஒரு பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன். நான் பௌதிகம் படித்தவன். பிறகு முப்பத்தேழு வருஷம் மத்திய சர்க்காரில் கோப்பு பார்த்தவன். ஒரு கோப்பு வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது ஒன்று. என்ன விடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உத்தியோகத்தில் எனக்குச் சோறு போட்டது.

முதலில், அந்தச் செய்தியில் உள்ள தேதிகள் எல்லாம் சரியானவை. நான் சரிபார்த்தேன். பொய்ச் செய்தி என்று தள்ள முடியாது. இதுதான் அதன் பலம்.

இனி விடுபட்டதைப் பார்ப்போம். 1949 நவம்பர் 26 அன்றுதான் நமது அரசியல் சாசனத்தை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது. 1950 ஜனவரி 26 அன்று அது அமலுக்கு வந்து நாடு குடியரசாயிற்று. 1999 ஜூலை 26 கார்கில் வெற்றி நாள். 1898 டிசம்பர் 26 அன்று கியூரி தம்பதிகள் ரேடியத்தைக் கண்டுபிடித்ததாகப் பிரெஞ்சு விஞ்ஞான அகாதெமியில் அறிவிக்கப்பட்டது. 1921 நவம்பர் 26 அன்று கோழிக்கோட்டில் வர்கீஸ் குரியன் பிறந்தார். நாம் காலையில் குடிக்கும் காபியில் பால் தட்டுப்பாடில்லாமல் இருப்பதற்கு அவருக்கும் ஒரு நமஸ்காரம் சொல்ல வேண்டும். 1914 டிசம்பர் 26 அன்று இதோ நம் பக்கத்து ஹிங்கன்காட்டில் பாபா ஆம்டே பிறந்தார். 1791 டிசம்பர் 26 அன்று சார்லஸ் பாபேஜ் பிறந்தார். கம்ப்யூட்டருக்கு மூல யோசனை அவருடையது. அந்த வாட்ஸ்அப் செய்தி ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போனதிலும் அவருக்குப் பங்கு உண்டு!

"இது சரி, ஆனாலும் இத்தனை விபத்துகள் ஒரே எண்ணில் வருமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்குப் போடுவோம். உலகத்தில் வருஷத்துக்குச் சராசரியாகப் பதினாறு பூகம்பங்கள் 7 ரிக்டருக்கு மேற்பட்டவை. பெரும்பாலும் கடலுக்கடியிலோ ஆளில்லாத இடத்திலோ நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. வருஷத்தில் பன்னிரண்டு இருபத்தாறாம் தேதிகள் உண்டு. பதினாறைப் பன்னிரண்டால் பெருக்கி 365ஆல் வகுத்தால் அரைக்குச் சற்று மேல் வருகிறது. அதாவது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஏதாவது ஓர் இருபத்தாறாம் தேதியில் அப்பேர்ப்பட்ட பூகம்பம் வரத்தான் செய்யும். 6 ரிக்டருக்கு மேல் என்று இறங்கினால் வருஷத்துக்கு நூற்றைம்பது அளவில் ஆகிறது. அப்போது இருபத்தாறாம் தேதிக்கென்றே வருஷத்துக்கு நாலைந்து கிடைக்கும். பதினேழாம் தேதிக்கும் இதே கணக்கு, நாலாம் தேதிக்கும் இதே கணக்கு.

இன்னொரு சோதனையும் செய்து பார்த்தேன். பதினொன்று என்ற எண்ணை எடுத்துக்கொண்டேன். 2001 செப்டம்பர் 11 நியூயார்க். 2004 மார்ச் 11 மாட்ரிட் ரயில் குண்டு வெடிப்பு. 2006 ஜூலை 11 மும்பை மின்சார ரயில்களில் குண்டு வெடிப்பு. 2011 மார்ச் 11 ஜப்பான் பூகம்பமும் சுனாமியும். பத்து நிமிஷ வேலை. பட்டியல் இருபத்தாறின் பட்டியலுக்குக் குறைந்ததாக இல்லை. பதினொன்றில் ஒன்றும் ஒன்றும் இரண்டு. அது சந்திரனின் எண் என்பார்கள். சந்திரன் என்ன பாவம் செய்தார்?

இதே கணக்கின் இன்னொரு முகத்தை இந்த ஹாலிலேயே காட்டலாம். ஒரு கூட்டத்தில் இருபத்துமூன்று பேர் இருந்தாலே, அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்த தேதி இருப்பதற்கு நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் வாய்ப்பு உண்டு. ஐம்பது பேர் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. நாம் இங்கே ஐம்பதுக்கு மேல் இருக்கிறோம். (கூட்டத்தில் கேட்டபோது நான்கு ஜோடிகள் கை தூக்கினார்கள்.) நான்கு கொஞ்சம் அதிகம்தான். காரணம் உங்களுக்கே தெரியும். நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி தலைமையாசிரியர் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், "நட்சத்திரம் என்ன என்று சொல்கிறீர்கள், தேதி சொல்லுங்கோ" என்பார். அப்பா யோசிப்பதற்குள் "ஜூன் ஒன்று" என்று எழுதிவிடுவார். அப்படி ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு சர்க்காரில் என்ன ஆகும் தெரியுமா? சாதாரணமாக அறுபது வயது நிறைகிற மாதத்தின் கடைசி நாள் ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு மட்டும் முந்தின மாதக் கடைசி நாளே ஓய்வு. இரண்டாம் தேதி பிறந்தவருக்கு ஒரு மாதச் சம்பளம் அதிகம். ஒரு தேதி மனிதனுக்கு நேரடியாகத் தீங்கு செய்து நான் பார்த்தது இந்த ஒரு விதியில்தான்.

இப்போது "ஒரே தேதி" என்ற சொல்லையே கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். ஏப்ரல் 23ஐ உலகப் புத்தக தினமாக 1995இல் யுனெஸ்கோ அறிவித்தது. ஷேக்ஸ்பியரும் ஸ்பெயினின் செர்வாண்டிஸும் 1616ஆம் வருஷம் ஒரே தேதியில் காலமானார்கள் என்பது ஒரு காரணம். ஆனால் ஸ்பெயின் 1582லேயே போப் கிரிகோரியின் புதுக் காலண்டருக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752இல்தான் மாறிற்று. அந்த வருஷம் அங்கே செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. ஆகவே 1616இல் இங்கிலாந்தின் ஏப்ரல் 23 என்பது ஸ்பெயினில் மே 3. காகிதத்தில் ஒரே தேதி, வாழ்க்கையில் பத்து நாள் வித்தியாசம். போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் காலமானது 22ஆம் தேதி, 23 அடக்கம் செய்த தேதி என்றே இன்று பெரும்பாலானவர்கள் கொள்கிறார்கள். இரண்டு மகான்களும் சேர்ந்து புறப்பட்டார்கள் என்று நினைப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதை நான் யாரிடமிருந்தும் பிடுங்க விரும்பவில்லை.

காலண்டர் பழைய கதை என்று விடுங்கள். சுனாமிக்கு வருவோம். 2004இல் சுமத்ரா பக்கத்தில் கடலடிப் பூகம்பம் நிகழ்ந்தபோது நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஆறு இருபத்தொன்பது, டிசம்பர் 26. அதே கணத்தில் ஹவாய்த் தீவில் பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள், பிற்பகல் மூன்று மணி. பூமி ஒரே தடவைதான் அதிர்ந்தது. அவர்களுடைய நாட்குறிப்பில் அது இருபத்தைந்தாம் தேதி. சனி பகவான் எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வருவார்?

நம் சர்க்காருக்கும் சொந்தமாக ஒரு காலண்டர் உண்டு. மேகநாத் சாஹா தலைமையில் காலண்டர் சீர்திருத்தக் குழு 1952இல் அமைக்கப்பட்டது. அதன் சிபாரிசுப்படி 1957 மார்ச் 22, சக வருஷம் 1879 சைத்ரம் 1 என்று தேசியப் பஞ்சாங்கம் அமலுக்கு வந்தது. அரசிதழில் இரண்டு தேதியும் அச்சாகும். நானே எத்தனையோ அறிவிக்கைகளில் அந்த இரண்டாவது தேதியைச் சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன். படித்தவர் யாரும் உண்டா என்பது வேறு விஷயம். அந்தக் காலண்டரில் ஜனவரி 26 மாகம் 6. டிசம்பர் 26 பௌஷம் 5. ஜூலை 26 சிராவணம் 4. நவம்பர் 26 அக்ரஹாயணம் 5. இருபத்தாறையே காணோம்!

அதைவிட நமக்கு நெருங்கிய பஞ்சாங்கத்துக்கு வருகிறேன். குஜராத் பூகம்பம் நடந்தது தை மாதம் வளர்பிறை துவிதியையில். சுனாமி மார்கழிப் பௌர்ணமியில். மும்பை வெள்ளம் ஆடி மாதம் தேய்பிறை சஷ்டியில். மும்பைத் தாக்குதல் கார்த்திகை அமாவாசையை ஒட்டிய இரவில். நான்குக்கும் ஒரு பொருத்தமும் இல்லை. நம் பெரியவர்கள் நாள் பார்த்தது சூரிய சந்திரர்களின் நிலையை வைத்து. ஆகாயத்தில் அதற்கு ஓர் அடையாளமாவது உண்டு. அதில் எனக்கு நம்பிக்கை எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு என்பதை இங்கே விவாதிக்கப் போவதில்லை. ஆனால் ரோமாபுரியிலிருந்து வந்த தேதியைக் கூட்டி எட்டாக்கி, அயர்லாந்தில் பிறந்த கீரோ போன்றவர்கள் பரப்பிய முறையில் அதைச் சனிக்கு ஒப்படைத்துவிட்டு, "நம்மவர்கள் அப்போதே சொல்லியிருக்கிறார்கள்" என்றால், எந்த நம்மவர்? வாத்தியார் பார்த்துக் கொடுத்த நாளை இது தள்ளிவிட்டதே என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

சரி, ஒரே தேதியில் வரும் எல்லாமே தற்செயல்தானா என்றால், இல்லை. மனிதர்கள் வேண்டுமென்றே சேர்த்துவைத்த தேதிகளும் உண்டு. குடியரசு தினமே அதற்கு உதாரணம். சாசனம் 1949 நவம்பரிலேயே தயாராகிவிட்டது. இரண்டு மாதம் காத்திருந்து ஜனவரி 26ஐத் தேர்ந்தெடுத்தார்கள். ஏனென்றால், லாகூர் காங்கிரஸில் பூரண சுயராஜ்யம் என்று தீர்மானித்த பிறகு, 1930 ஜனவரி 26 அன்று நாடெங்கும் ஜனங்கள் கூடி சுதந்திரப் பிரதிக்ஞை எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு வருஷா வருஷம் அதுவே சுதந்திர தினமாக அனுசரிக்கப்பட்டது. சுதந்திரம் வந்ததோ ஆகஸ்ட் 15 ஆகிவிட்டது. பழைய நாள் அனாதையாகிவிடக்கூடாது என்று குடியரசுக்கு அதை வைத்தார்கள். 1930இல் 26 என்று எப்படி வந்தது என்று தேடினால் அதுவும் சுவாரசியம்தான். அந்த ஜனவரியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அது. லீவு நாளாக இருந்தால் கூட்டத்துக்கு ஜனங்கள் வருவார்கள். நம் சங்கத்தில் நாம் எப்படி ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கூட்டம் போடுகிறோமோ அப்படி.

அந்தத் தேதி பூகம்பத்தோடு சம்பந்தப்பட்ட இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது வேடிக்கையாகப் பேச முடியாது. 2001இல் கட்ச் பகுதியில் அஞ்சார் என்ற ஊரில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடியரசு தின ஊர்வலமாகக் கொடியுடன் குறுகிய தெரு ஒன்றில் போய்க்கொண்டிருந்தார்கள். காலை மணி 8.46. இரண்டு பக்கத்து வீடுகளும் தெருவில் சரிந்தன. 185 பிள்ளைகள், 20 ஆசிரியர்கள் போய்விட்டார்கள். வேறு நாளாக இருந்தால் அந்த நேரத்தில் அந்தத் தெருவில் அந்தக் கூட்டம் இருந்திராது. அதே ஜில்லாவில் இடிந்து விழுந்த எத்தனையோ பள்ளிக் கட்டடங்களில் விடுமுறை என்பதால் வகுப்புகள் நடக்கவில்லை. ஒரே தேதி ஓரிடத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோய்த் தெருவில் நிறுத்தியது, இன்னோரிடத்தில் கட்டடத்துக்குள் போகாமல் காப்பாற்றியது. சுனாமியிலும் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வந்த யாத்ரீகர்கள் எத்தனை பேர் கடற்கரையில் நின்றார்கள்! தேதிக்கு வலிமை என்று ஒன்று இருந்தால், அது நாம் அன்றைக்கு எங்கே போய் நிற்கிறோம் என்பதில் இருக்கிறது.

மும்பை வெள்ளம் மட்டும் என் கண்ணால் பார்த்தது. 2005இல் எனக்கு அலுவலகம் சர்ச்கேட் பக்கம், வீடு செம்பூரில். ஜூலை 26 அன்று அலுவலக ஜன்னலுக்கு வெளியே சாதாரண ஆடி மழை. நான்கு மணிக்கு வீட்டுக்குப் போன் செய்தால் என் மனைவி, "கீழ் வீட்டு மாமி நம் வீட்டுக்கு மேலே வந்துவிட்டார், அவர்கள் கட்டில் மிதக்கிறது" என்கிறாள். நான் நம்பவில்லை, விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு ரயில் நின்றது, போன் நின்றது. அன்றிரவு அலுவலக மேஜை மேல் பழைய அரசிதழ்க் கட்டுகளைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் வானிலை இலாகாவின் கணக்கு வந்தது. இருபத்துநான்கு மணி நேரத்தில் சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர். கொலாபாவில் 73. இரண்டுக்கும் நடுவே இருபத்தைந்து கிலோமீட்டர் கூட இராது. ஒரே ஊர், ஒரே தேதி, ஒரே வானம். சனி ரயில் பிடித்துப் புறநகருக்கு மட்டும் போனார் என்று சொல்லலாம். இல்லை, மீட்டி நதியை ஒடுக்கிக் கட்டிக்கொண்டே போனதும், மழை கொட்டிய அதே நேரத்தில் கடலில் ஏற்றம் இருந்ததும், வடிகால்கள் பழையதாக இருந்ததும் காரணம் என்று சொல்லலாம். முதல் பதிலில் யாருக்கும் வேலை இல்லை. இரண்டாவதில் முனிசிபாலிடிக்கு வேலை உண்டு, நமக்கும் உண்டு.

இந்தப் பேச்சில் என்னை உண்மையில் உறுத்துவது அந்த இடம்தான். 2004இல் பூகம்பத்துக்கும் தமிழ்நாட்டுக் கரையில் அலை ஏறியதற்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் நாகப்பட்டினம் கரையில் இருக்கும் ஒருவர் மெதுவாக நடந்தே ஊருக்குள் போய்விடலாம். ஹவாயிலிருந்தவர்கள் பதினைந்து நிமிஷத்தில் முதல் அறிக்கையை வெளியிட்டார்கள். ஆனால் அவர்கள் பொறுப்பு பசிபிக் கடலுக்கு. இந்துமகா சமுத்திரத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடே கிடையாது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் எட்டாயிரம் பேர் மாண்டார்கள். பாதிக்கு மேல் நாகை மாவட்டத்தில்.

ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்று சொல்லப்படும் கடல்சார் தகவல் மையத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் 2007 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. கடலடியில் அழுத்தத்தை அளக்கும் கருவிகள், கரையோரத்தில் நீர்மட்டம் பார்க்கும் கருவிகள், பூகம்பப் பதிவுகள் எல்லாம் ஓரிடத்துக்கு வந்து சேருகின்றன. 2012 ஏப்ரலில் ஒரு புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவில் மறுபடி அதிர்ந்தது. சென்னையில் மேஜை நாற்காலி ஆடியது பலருக்கு நினைவிருக்கும். இந்தத் தடவை பத்து நிமிஷத்துக்குள் ஐதராபாத்திலிருந்து எச்சரிக்கை போயிற்று. கரையோரத்து ஜனங்களை விலகச் சொன்னார்கள். பூமித்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்த பூகம்பம் அது, ஆகவே பெரிய அலை எழவில்லை. சாயங்காலம் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள், எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

அன்றைக்குத் தேதி 11. பதினொன்றின் பட்டியலில் இதையும் யாராவது சேர்ப்பார்களா என்று பார்த்தேன். சேர்க்கவில்லை. அன்று பெரும் உயிர்ச்சேதம் இல்லையே!